அன்ரி இருந்த அறையில் இத்தாலிய வைன்

என் அத்தான் வைன் குடிக்கப் பழகியது ஒரு திருயாத்திரையில். ரோமாபுரி, அசிசி, பதுவை அந்தோனியார் கோயில் என்று கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எங்கள் கோயில் பங்குச் சனம் ஒரு பஸ் நிறைய இத்தாலியைச் சுற்றியபோது அக்காவும் அத்தானும் கூடப் போயிருந்தார்கள். வழியில் தொஸ்கானா மலைச்சரிவில் ஒரு பழைய வைன் குடும்பத்தின் தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்களாம். திரும்பி வரும்போது அக்கா எனக்கு ஒரு செபமாலை கொண்டு வந்தாள். அத்தான் மரப்பெட்டியில் சிவப்பு வைன் போத்தல்களும், கூடவே ஒரு புது முகமும் கொண்டு வந்தார்.

அந்த முகத்தைச் சொல்லத்தான் வேண்டும். கிண்ணத்தின் தண்டை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்பார். பூசையில் நற்கருணை வாங்கும்போதுகூட அவர் இவ்வளவு பக்தியாகக் கண்ணை மூடி நான் கண்டதில்லை. அதற்கு முன்பு அவர் பிறந்தநாள் வீடுகளின் கராஜுக்குள் பிளாஸ்ரிக் கப்போடு நின்று, விஸ்கிக்குள் கோக் ஊற்றிக் குடித்தவர். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் குடியிருந்து, அங்குள்ள தமிழ்ச் சனத்துக்கு வீட்டுக்கடன் எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கராஜில் நின்ற காலத்தில் அவரோடு இருந்து கதைக்கலாம். பகிடி விடுவார். வைன் வந்த பிறகு பகிடி நின்றுபோய் விளக்கம் தொடங்கியது.

அந்தக் குடும்பத்தின் கதையை அவர் சொல்லாத நாளில்லை. பல நூறு வருடங்களாக வைன் செய்கிறார்களாம். பாப்பரசரின் மேசைக்கு அவர்களுடைய பீப்பாய் போனதாம். அவர்களுக்குள் ஒரு கர்தினாலும் இருந்தாராம். சொல்லச் சொல்ல அந்தக் கர்தினால் அத்தானுக்குத் தூரத்து மாமன்போல ஆகிவிட்டார். இந்தக் கதையில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் கலவைதான். இப்போதைய தலைமுறையின் பாட்டனார் காலத்தில், ஊரில் வழக்கமாக விளையும் சாஞ்சியோவேசே திராட்சையோடு பிரெஞ்சு நாட்டுத் திராட்சையையும் சேர்த்து ஒரு சிவப்பு வைன் செய்தார்களாம். அந்த ஊர் விதிப்படி அப்படிக் கலந்தால் போத்தலில் ஊரின் பெயரைப் போட முடியாது. அதனால் வெறும் மேசை வைன் என்று லேபல் ஒட்டி விற்றார்களாம். பிறகு உலகத்துப் பணக்காரர் எல்லாம் அதைத் தேடிப் பிடிக்கத் தொடங்க, மேசை வைன் ராசாவாகிவிட்டது.

இதைச் சொல்லி முடித்தால் அத்தான் எப்போதும் ஒரு வசனம் போடுவார்: "சட்டத்தை எங்க வளைக்கிறதெண்டு தெரிஞ்சவன்தான் பெரிய ஆள்."

எனக்கும் அதில் ஊற்றித் தந்தார். பொய் சொல்ல மாட்டேன், அது நல்ல வைன். நாக்கில் கொஞ்சம் துவர்த்து, பிறகு நெடுநேரம் நின்றது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "நல்லா இருக்கெண்டு சொல்லக் கூடாது. உமக்கு உது விளங்காது" என்றார். அன்றோடு அவருக்கு முன்னால் நான் தண்ணீர்தான் குடித்தேன்.

பிறகு ஒரு வட்டம் உருவானது. அத்தானோடு ஒரு பல் வைத்தியர், ஒரு சட்டத்தரணி, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், இன்னும் இரண்டொருவர். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அக்கா வீட்டு வரவேற்பறையில் கூடி, அந்தக் குடும்பத்தின் இந்த வருடக் கலவை, அந்த வருடக் கலவை என்று திறந்து வைத்துக்கொண்டு ஆராய்வார்கள். ஒருவர் புகையிலை மணக்கிறது என்பார். இன்னொருவர் மழை பெய்த மண் என்பார். ஒருநாள் கண்ணாடிக் கடைக்காரர் நல்ல பதப்படுத்திய தோலின் மணம் வருகிறது என்று கண்டுபிடித்தார், மற்றவர்களும் தலையாட்டினார்கள். வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அக்கா பொரித்த கட்லற் மேசைக்கு வரக்கூடாது, உறைப்பு நாக்கைக் கெடுத்துவிடும் என்று உத்தரவு. சீஸும் ஒலிவ் காயும் கொறித்துவிட்டு, எல்லாம் முடிந்து எழும்பும்போது பல் வைத்தியர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்கா, புட்டும் இறைச்சிக் கறியும் ஏதும் மிச்சம் கிடக்கோ?" என்று கேட்பார்.

இந்த வேடிக்கைகளோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வீட்டின் நிலத்தடித் தளத்தில், பேஸ்மென்றில், ஒரு அன்ரி வாடகைக்கு இருந்தார். மட்டக்களப்புப் பக்கம், சைவ சமயத்தவர், கணவர் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையல்கூடத்தில் வேலை. விடியும் முன்னே பஸ் எடுத்துப் போய், பின்னேரம் வந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் அக்காவின் மகள், என் பெறாமகளும் பள்ளிக்கூடத்தால் வருவாள். அக்காவும் அத்தானும் வேலையால் வர இருட்டிவிடும். அதனால் அந்தப் பிள்ளை வளர்ந்தது பாதிக்கு மேல் பேஸ்மென்றில்தான். அங்கே சாப்பிடும், அங்கே படிக்கும், அங்கேயே நித்திரையாகியும் விடும். தேவாரமும் பாடும், மேலே வந்து செபமாலையும் சொல்லும். அக்கா அதற்கு ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அத்தான் பிள்ளை பார்க்க வைத்ததற்காக வாடகையில் எதுவும் விட்டதுமில்லை.

பெறாமகள் வாட்டர்லூவில் மேற்படிப்புக்குப் போயிருந்த காலத்தில் அன்ரிக்கு ஒரு அறிவித்தல் வந்தது. வீட்டுக்காரரின் சொந்தப் பாவனைக்கு இடம் வேண்டும். மகள் திரும்பி வந்து பேஸ்மென்றில் தனியாக இருந்து படிக்கப் போகிறாள். இங்கே வாடகைக்கு இருப்பவரை நினைத்த மாதிரி எழுப்ப முடியாது. தனக்கோ தன் மனைவி, பிள்ளை, தாய் தகப்பனுக்கோ வேண்டும் என்றால்தான் எழுப்பலாம். அத்தானுக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். மகளிடம் அதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கியிருந்தார். விடுமுறையில் வந்த பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடதாசியை நீட்டினாராம். வீட்டு இன்சூரன்ஸ் என்றாராம். அவள் ஒரு கையில் கரண்டியோடு மற்றக் கையால் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அன்ரி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சாமான் ஏற்ற நான்தான் வான் பிடித்துக்கொண்டு போனேன். என் அப்பாட்மென்ற் ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில். அதற்கு அடுத்த கட்டடத்தில் அன்ரி இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஒழுங்காகியிருந்தது. சுவரெல்லாம் துடைத்து, அடுப்பைக் கழுவி, பேஸ்மென்றைக் கோயில் மாதிரி வைத்திருந்தார். தன்னுடைய சின்னச் சாப்பாட்டு மேசையை மட்டும் ஏற்ற விடவில்லை.

"அது கிடக்கட்டும் தங்கச்சி. புள்ள படிக்கிறதுக்கு மேசை வேணும்தானே" என்றார்.

கொஞ்ச நாளில் வேலைக்காரர்கள் வந்தார்கள். குளியலறையை உடைத்தார்கள், அடுப்பைக் கழற்றினார்கள், சூடு புகாமல் சுவருக்குள் பஞ்சு அடைத்தார்கள், குளிரூட்டும் இயந்திரம் பூட்டினார்கள். ஒரு கலியாண வீட்டுக்கு உடுப்பு மாற்ற அங்கே போன நான் கீழே இறங்கிப் பார்த்தால், தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டுகள். ஒவ்வொரு பொந்திலும் ஒரு போத்தல் படுத்துக் கிடந்தது. மங்கிய வெளிச்சம். சுவரில் அந்த இத்தாலியக் குடும்பத்தின் சின்னம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அன்ரியின் மேசை நடுவில் நின்றது, அதன்மேல் கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அத்தான் பெருமையோடு வெப்பநிலையைக் காட்டினார். மகள் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். சிரித்தார்.

பெறாமகளுக்கு இது தெரியவந்தபோது வீட்டில் பெரிய சண்டை. அவள் அப்பாவோடு இங்கிலிஷில்தான் சண்டை பிடிப்பாள், அழுகை மட்டும் தமிழில் வரும். அத்தான் அசையவில்லையாம். இந்தப் போத்தல் எல்லாம் வருடம் போகப் போக விலை ஏறும், கடைசியில் இதெல்லாம் உனக்குத்தானே, அப்படியென்றால் அந்த இடம் உன் பாவனைதானே என்று கேட்டாராம். இந்த நியாயத்தை அவர் எனக்கும் சொன்னார். சொல்லும்போது வெட்கத்தின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. களவெடுப்பவன்கூட ஒளிந்து செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அன்ரிக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. போத்தல்கள் ஒரு மூலைக்குள் இருக்கும், பிள்ளை மற்றப் பக்கம் இருப்பாள், நான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். மேலே ஒன்றும் கதைக்கவும் விடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அந்தக் குடும்பத்தின் இளைய வாரிசு ஒருவர் தங்கள் வைனை விளம்பரப்படுத்த ரொறன்ரோவுக்கு வந்தார். நகரத்து ஹோட்டல் ஒன்றில் விருந்து. அத்தானின் வட்டம் முழுவதும் கோட் சூட்டோடு போனது. அந்த வைனை இறக்குமதி செய்யும் கொம்பனிக்கு அத்தான் நல்ல வாடிக்கையாளர். எப்படியோ சில நாள் முன்பே கெஞ்சிக் கூத்தாடி, அந்த மனிதரை விருந்துக்கு அடுத்த நாள், சனிக்கிழமை மதியம் மார்க்கத்து வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

இத்தாலிக்காரர் இலங்கைச் சாப்பாடு சாப்பிட ஆசை என்று சொல்லிவிட்டாராம். அத்தானின் சீஸும் ஒலிவ்வும் ஒரே நாளில் அடிபட்டுப் போயின. வட்டத்தின் ஆட்கள் எல்லோரும் முன்பு அந்த வீட்டில் அன்ரி சமைத்ததைச் சாப்பிட்டவர்கள், நண்டுக்கறி என்றால் அவருடைய கைதான் நினைவுக்கு வந்தது. அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்து, அன்ரியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"எந்த முகத்தோட கேக்கிறது?" என்றேன்.

"நீ கேள். என்னால ஏலாது" என்றாள் அக்கா. குரல் அழுகிற மாதிரி இருந்தது. அக்காமீது அன்று எனக்குப் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புருசன் தூக்கியெறிந்த மனுசியைச் சமைக்கக் கூப்பிட அழுகை எதற்கு?

அன்ரி மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். உடனே ஓம் என்றார். நண்டு நல்லதாகப் பார்த்து வாங்கும்படி அக்காவுக்குச் சொல்லச் சொன்னார். சனிக்கிழமை காலை என் காரில் ஏறும்போது கையில் ஒரு பொதி. உள்ளே கரையில் பூவேலை செய்த மேசைத் துணி. பிள்ளையின் மேசைக்கு என்றார். அப்போதுதான் அவர் ஏன் வருகிறார் என்று எனக்கு விளங்கியது. அவருக்குப் பிள்ளையின் அறையைப் பார்க்க வேண்டும்.

போய் இறங்கியதும் கீழே போகக் கேட்டார். அத்தான் வாசலில் நின்று, விருந்தாளி வந்து பார்த்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம், கதவைத் திறந்தால் வெப்பநிலை மாறிவிடும் என்றார். அன்ரி குசினிக்குப் போய் நண்டை உடைக்கத் தொடங்கினார். பெறாமகளும் அன்று வந்திருந்தாள். அவள் அதற்குள் படிப்பு முடித்து, விட்பி நகரத்தில் ஒரு வேலை கிடைத்து, அங்கேயே சிநேகிதியோடு இருந்தாள். அன்ரி சமைக்க வருகிறார் என்று கேட்டுத்தான் அவளும் வந்தாள். இருவரும் அடுப்படியில் நின்று கதைத்துக்கொண்டார்கள். கீழே என்ன இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் கண்ணில் தெரிந்தது.

இத்தாலிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், மெலிந்தவர். பழைய சுவெட்டரின் முழங்கையில் தையல் போட்டிருந்தது. சப்பாத்து நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. அத்தான் புதுச் சூட்டில் பொம்மை மாதிரிப் பக்கத்தில் நின்றார். வட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்தார்கள். சட்டத்தரணி அவருடைய கையை விடவே இல்லை. மூன்று நாள் கழுவமாட்டார் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் அத்தான் அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தை அந்தக் குடும்பத்துக்காரருக்கே சொன்னார். பாப்பரசர், கர்தினால், பாட்டனார், கலவை, ஒன்றும் விடவில்லை. அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே நண்டுக்காலை வாயில் வைத்து உறிஞ்சினார். இந்தக் கதையை அவர் போகிற ஊரெல்லாம் கேட்டுச் சலித்திருப்பார் என்பது எனக்கே தெரிந்தது. அத்தான் பல வருடம் பாதுகாத்த ஒரு போத்தலைத் திறந்து, அவருடைய கிண்ணத்தில் ஊற்றி, என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இந்த உறைப்புக்கு வைன் வீண், குளிர்ந்த பியர் இருக்கிறதா என்று கேட்டார்.

அத்தானின் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். அந்த வீட்டில் பியர் இல்லை. அது தாழ்ந்த குடிவகை என்று அவரே நிறுத்தியிருந்தார். பல் வைத்தியர் மெதுவாக எழும்பிப் போய், தன்னுடைய காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு பெட்டி பியர் கொண்டு வந்தார். அவருக்கு வைன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

சாப்பாடு முடிந்ததும் அத்தான் அவரைக் கீழே கூட்டிப் போனார். வட்டம் பின்னால் போனது. நானும் பெறாமகளும் போனோம். அன்ரி தேத்தண்ணீர்த் தட்டோடு எங்களுக்குப் பின்னால் படியில் இறங்கி வந்தார். மேசைத் துணி அவருடைய கக்கத்தில் இருந்தது.

இத்தாலிக்காரர் தட்டுகளைப் பார்த்தார், தன் வீட்டுச் சின்னத்தைப் பார்த்துப் புன்னகைத்தார், நீட்டிய போத்தல்களில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் படம் எடுத்தார்கள். பிறகு அவர் சுவரைக் கவனித்தார். குசினி இருந்த இடத்தில் அடைத்த தண்ணீர்க் குழாய் ஒன்று இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சின்ன யன்னலைக் கறுத்த தாளால் மூடியிருந்தார்கள். இங்கே முன்பு யாராவது குடியிருந்தார்களா என்று சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டார்.

அத்தான் வாயைத் திறக்கும் முன்னே பெறாமகள் சொன்னாள். இந்த அன்ரி இங்கேதான் இருந்தார், நான் வரப்போகிறேன் என்று பொய் சொல்லி அப்பா அவரை எழுப்பினார் என்று இங்கிலிஷில் தெளிவாகச் சொன்னாள்.

அந்த மனிதர் சங்கடப்படுவார், அல்லது முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தானின் தோளில் கையை வைத்தார். ஆறுதல் சொல்லும் குரலில் தங்கள் தோட்டத்துக் கதையைச் சொன்னார். அங்கேயும் பழைய கல்வீடுகளில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பங்கள் இருந்தனவாம். விளைச்சலில் பாதி அவர்களுக்கு, பாதி இவர்களுக்கு. பாட்டனார் காலத்தோடு அது முடிந்துவிட்டது. அந்த வீடுகளைத் திருத்தி இப்போது விருந்தினர் விடுதியாக்கியிருக்கிறார்கள், நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள், சில வீடுகளுக்குள் பீப்பாய் வைத்திருக்கிறார்கள். தடித்த கல்சுவர், கோடையிலும் குளிர்ச்சி, வைனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்றார். பழைய இடங்களுக்குப் புதிய வாழ்வு கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் ஒரு மனிதர் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் அந்தக் குடும்பமும் ஒரே காரியத்தைச் செய்தவர்கள் என்று கர்தினாலின் வம்சத்துக்காரரே வாயால் சொல்லிவிட்டார்.

அன்ரி படியிலேயே நின்றார். விமானச் சாப்பாட்டுக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தவருக்கு இங்கிலிஷ் விளங்காமல் இல்லை. தன்னுடைய மேசையைப் பார்த்தார். பிறகு பெறாமகளிடம் சொன்னார்.

"அந்தச் சனமெல்லாம் எங்க போனதெண்டு கேளு புள்ள."

அவள் கேட்டாள். அவர் யோசித்தார். பட்டணத்துக்குப் போயிருப்பார்கள், தொழிற்சாலைகளுக்கு, சிலர் வெளிநாடுகளுக்கு என்றார். இங்கே கனடாவுக்கும் வந்திருக்கலாம், ரொறன்ரோவில் இத்தாலியர் நிறைய இருக்கிறார்களே என்று சிரித்தார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் நண்டு இருக்குமா என்று அன்ரியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒரு கெட்டவன் என்றால் கொஞ்சமாவது உறுத்தியிருக்கும். இவருக்கு அது காலநிலை மாதிரி. மழை வந்தது, வெயில் வந்தது, குடியானவர்கள் போனார்கள்.

அன்ரி அவருக்கு நண்டு போட்டுக் கொடுத்தார். பாத்திரங்களைக் கழுவினார். அக்கா டப்பாவில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வேண்டாம் என்றார். மேசைத் துணியைப் பெறாமகளிடம் கொடுத்துவிட்டு என்னோடு காரில் ஏறினார். கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது.

"புள்ளைக்கு எண்டு சொன்னதாலதான் எழும்பினன்" என்றார் பிறகு. "போத்தலுக்கு எண்டா எழும்பியிருக்க மாட்டன். முறைப்பாடு எங்க குடுக்கிற தங்கச்சி?"

இப்படிப் பொய் சொல்லி எழுப்பினால் முறையிட வாடகைச் சபை ஒன்று இருக்கிறது. முறையிட, வீட்டை விட்ட நாளிலிருந்து ஒரு வருட அவகாசம். அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இலவசச் சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் ஒரு பிள்ளை அன்ரிக்கு உதவி செய்தாள். சாட்சி சொல்வீர்களா என்று என்னைக் கேட்டார்கள், ஓம் என்றேன்.

அத்தான் தானே தனக்கு எதிரான சாட்சியை ஊர் முழுக்கப் பரப்பியிருந்தார். இத்தாலிக்காரரோடு போத்தல்களுக்கு நடுவில் நிற்கும் படத்தை முகநூலில் போட்டு, என்னுடைய நிலவறையில் என்று தலைப்பும் கொடுத்திருந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வாழ்த்தியிருந்தார்கள். முறைப்பாடு போன பிறகு அதை எடுத்துவிட்டார். ஆனால் சட்ட உதவிப் பிள்ளை அதற்கு முன்னே பிரதி எடுத்துவிட்டாள்.

விசாரணைக்கு முதல் நாள் அக்கா என் வேலையிடத்துக்கே வந்தாள். ஒரு கண் வைத்தியரின் கிளினிக்கில் நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நோயாளிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, என் இடைவேளை வரும்வரை காத்திருந்தாள்.

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்காதை. காசு ஏதும் வேணுமெண்டால் நான் அன்ரிக்குத் தனியக் குடுக்கிறன்" என்றாள்.

"ஏற்கெனவே சிரிச்சு முடிஞ்சுது. நீர்தான் பாக்கேல்லை" என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

விசாரணை கம்பியூட்டரில் நடந்தது. எல்லோரும் பெட்டி பெட்டியாகத் திரையில் இருந்தோம். அத்தான் கழுத்தில் ரை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் புத்தகத் தட்டு தெரிந்தது. அதில் புத்தகங்களைவிட வைன் பற்றிய சஞ்சிகைகள்தான் அதிகம். மகள் அந்த இடத்தைப் பாவிப்பதாகவும், அவளுடைய எதிர்காலச் சேமிப்பு அங்கே இருப்பதாகவும் சொன்னார். விசாரித்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். கட்டில் வாங்க யோசித்திருக்கிறோம் என்றார் அத்தான். அந்த அறையின் வெப்பநிலை எத்தனை என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு மட்டும் அவர் பழக்கதோஷத்தில் உடனே, பெருமையாக, சரியான விடை சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் கேள்வியின் அர்த்தம் அவருக்கு விளங்கியது.

நான் பார்த்ததைச் சொன்னேன். பிறகு பெறாமகள் விட்பியிலிருந்து தன் பெட்டியில் வந்தாள். அவளுடைய அப்பா அவளை அழைக்கவில்லை, அன்ரியின் பக்கத்துக்கு அவளாகவே வந்தாள். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான், இன்சூரன்ஸ் என்று சொல்லி வாங்கினார், அங்கே நான் ஒரு நாளும் இருந்ததில்லை என்றாள். அத்தான் கமராவை அணைத்துவிட்டார். அவருடைய பெட்டியில் பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது.

தீர்ப்பு அன்ரிக்குச் சார்பாக வந்தது. அத்தான் நட்டஈடும் தண்டப்பணமும் கட்ட வேண்டி வந்தது. இருந்த இடத்தை அந்தச் சபை திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அன்ரி போயிருக்க மாட்டார். அவர் இப்போதும் டோர்செட் பார்க்கில்தான். பெறாமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பியிலிருந்து கார் ஓடி வந்து அவரோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். மார்க்கத்துக்குப் போவதில்லை.

அத்தானுக்கு எதுவும் விளங்கியதாக எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் வீட்டுச் சொந்தக்காரனுக்கு நியாயம் இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய வட்டம் சில மாதம் தலைகாட்டாமல் இருந்துவிட்டுத் திரும்பக் கூடியது. பல் வைத்தியர் மட்டும் பிறகு போகவில்லை. அந்த இத்தாலியக் குடும்பத்துக்கு அத்தான் நடந்ததை எல்லாம் நீளமாக எழுதினாராம், ஏதோ ஆறுதலை எதிர்பார்த்து. அடுத்த வருடக் கலவை விற்பனைக்கு வந்துவிட்டது, முன்கூட்டியே பதிவு செய்யலாம் என்று பதில் வந்ததாம். இதை எனக்குச் சொன்னது சட்டத்தரணியின் மனைவி. சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அக்கா என்னோடு கதைக்காமல் விட்டாள். கோயிலில் தூரத்தில் இருப்பாள், நற்கருணைக்குப் போகும்போது என்னைக் கடந்து போவாள். நானும் வலியப் போகவில்லை. ஈஸ்டர் பூசைக்குச் சனம் நெருக்கியடித்தது. உட்கார இடம் தேடி வந்தவள் என் வாங்கில், எனக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டி வந்தது. அத்தான் வரவில்லை. சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சுவாமியார் சொன்னபோது அவள் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கைகொடுத்து முடித்து, கடைசியில் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினாள். கை குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியில் வந்தபோது அத்தான் காரை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இருந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார்.

"இத்தாலி சரிவராதாம்" என்றாள் அக்கா மெல்ல. "இனி ஸ்பெயினாம். உலகத்திலேயே பெரிய வைன் குடும்பம் அங்கதானாம்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு புளிப்பு இருந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் அதை நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு காரடிக்குப் போய், யன்னலைத் தட்டி, தான் தங்கச்சியோடு வருவதாக அவருக்குச் சொன்னாள். எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும், பதில் சொல்லாமல் திரும்பி வந்தாள். என் காரில் ஏறி இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டு, அன்ரி இந்த நேரம் வீட்டில் இருப்பாரா என்று கேட்டாள்.